நோயாளிக்காக நாம் சொல்லும் 'வேண்டாம்'

ஆய்வுக்கு நோயாளிகளைச் சேர்க்கும் பணிக்கு வருவதற்கு முன், 9 ஆண்டுகள் மனநல வார்டில் செவிலியராக இருந்தேன். கையில் கோப்புடன் வார்டு வாசலில் வந்து தயங்கி நின்ற ஆய்வாளர்களில் எத்தனை பேரை அந்தக் காலத்தில் திருப்பி அனுப்பினேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. "இப்போது பொருத்தமானவர் யாரும் இல்லை" என்பதுதான் என் வழக்கமான பதில். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது, உண்மை என்றும் சொல்ல முடியாது. யோசிக்காமல் வாயில் வந்த பேச்சு அது. பிறகு ஒருநாள் நானே கோப்பை எடுத்துக்கொண்டு இன்னொரு வார்டின் வாசலில் போய் நின்றபோது, அதே பதில் ஒரு சொல்கூட மாறாமல் எனக்குக் கிடைத்தது.

நான் ஒருங்கிணைப்பாளராக இருந்த ஆய்வு, மனச்சிதைவு நோயுடன் வாழ்பவர்களுக்கு வழக்கமான சிகிச்சையோடு ஓர் உளவியல் பயிற்சியையும் சேர்த்து அளித்தால் பயன் உண்டா என்று பார்ப்பது. புதிய மருந்து கிடையாது. இருக்கும் மருந்தை நிறுத்துவதும் கிடையாது. ஒப்புதல் தருபவர்கள் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்படுவார்கள். ஒரு குழுவுக்குப் பயிற்சியும் வழக்கமான சிகிச்சையும், மற்றதற்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இவ்வளவு எளிய ஆய்வுக்கு ஆள் கிடைப்பதில் என்ன சிரமம் இருக்கப் போகிறது என்று ஆய்வுத் தலைவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். தொடக்கக் கூட்டத்தில் மூன்று வார்டுகளின் மருத்துவர்களும் இத்தகைய நோயாளிகள் தங்களிடம் நிறையவே இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். முதல் 6 வாரங்களில் எனக்கு வந்து சேர்ந்த பெயர்கள் 4.

அமெரிக்க மருந்தியல் அறிஞர் லூயி லசான்யாவின் பெயரால் வழங்கும் 'லசான்யா விதி' என்று ஒன்று ஆய்வுத் துறையில் உண்டு. தகுதியுள்ள நோயாளிகள் ஆய்வு தொடங்கிய அன்றே காணாமல் போவார்கள், ஆய்வு முடிந்த மறுநாளே திரும்பி வந்துவிடுவார்கள் என்பது அதன் சாரம். கேலியாகச் சொல்லப்படுவது என்றாலும், ஆள் சேர்த்துப் பார்த்த எவரும் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு அப்படியே மௌனமாகிவிடுவார்கள். மற்ற துறைகளில் நோயாளிகள் மறைவதற்குப் பெரும்பாலும் தகுதி நிபந்தனைகளின் இறுக்கமே காரணம். மனநலத் துறையில் அதோடு இன்னொன்றும் சேர்கிறது. நோயாளிக்கும் ஆய்வாளருக்கும் நடுவில் சிகிச்சைக் குழு நிற்கிறது. அந்தக் குழு கதவைத் திறந்தால்தான் நோயாளியின் காதுக்குச் செய்தியே போகும். திறக்காவிட்டால், ஆய்வு என்று ஒன்று நடந்ததே அவருக்குத் தெரியாது.

கதவை மூடுபவர்களைச் சோம்பேறிகள் என்றோ, அறிவியலில் அக்கறையற்றவர்கள் என்றோ பேசுவது ஆய்வாளர்களிடையே வழக்கம். நானும் சில மாதங்கள் அப்படிப் பேசினேன். 9 ஆண்டுகள் அந்தப் பக்கத்தில் இருந்தவள் அப்படிப் பேசியதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வேலைப்பளு ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பேச்சுக் கொடுத்துக் கேட்டபோது அதற்கு அடியில் வேறொன்று இருப்பது புலப்பட்டது. ஒரு மூத்த செவிலியர் என்னிடம் கேட்டார்: "நீயும் வார்டில் இருந்தவள்தானே? இந்த மனிதர் என்னை நம்பி மாத்திரை விழுங்குவதற்கே 3 வாரம் ஆயிற்று. நான் போய் 'ஆய்வில் சேருங்கள்' என்று சொன்னால், என் முகத்தை முறிக்கக் கூடாதே என்பதற்காகச் 'சரி' என்பார். அந்தச் சம்மதத்துக்கு என்ன மதிப்பு?"

இந்தக் கேள்வியைச் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. மருத்துவ ஆய்வின் நெறிகளை வகுத்த ஹெல்சிங்கி பிரகடனமே, நோயாளி தன் மருத்துவரைச் சார்ந்திருக்கும் நிலையில் இருந்தால், அந்த உறவுக்கு வெளியே உள்ள தகுதியான ஒருவர்தான் ஒப்புதல் பெற வேண்டும் என்று சொல்கிறது. அந்தப் பிரகடனம் 1964இல் உருவானதற்குப் பின்னணியில் நாஜி முகாம்களின் சோதனைகளும், அவற்றை விசாரித்த நீதிமன்றம் வகுத்த 1947இன் நியூரம்பெர்க் நெறிகளும் இருந்தன. அதற்குப் பிறகும், அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களின் மேகநோய்க்குச் சிகிச்சை தராமலேயே கவனித்துக்கொண்டிருந்த ஆய்வு தொடர்ந்து நடந்துகொண்டுதான் இருந்தது. பயிற்சிக் காலத்தில் இவற்றையெல்லாம் படித்துவிட்டு வரும் செவிலியர், தன் பொறுப்பில் இருக்கும் நோயாளியின் முன் அரணாக நிற்பதில் வியப்பில்லை. அப்படி நிற்காதவரைப் பார்த்துத்தான் நான் கவலைப்படுவேன்.

சிக்கல் எங்கே என்றால், அந்தக் காப்பு நோயாளியின் பெயரால் ஒரு முடிவையும் எடுத்துவிடுகிறது. ஆய்வில் சேரலாம், சேராமலும் இருக்கலாம் என்ற தேர்வு அவருடையது. சேரவிடாமல் தடுப்பதால் அவர் ஆய்விலிருந்து மட்டும் காக்கப்படுவதில்லை, தேர்விலிருந்தும் விலக்கப்படுகிறார். இதை எத்தனையோ கூட்டங்களில் நான் வாதமாக எடுத்து வைத்தேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. யாரும் ஒரு பெயரையும் கூடுதலாகத் தரவுமில்லை. வாதத்தால் கதவு திறக்காது என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஏறத்தாழ அரையாண்டு பிடித்தது.

திறந்தது வேறு விதமாக. மேலே சொன்ன மூத்த செவிலியர் ஒருநாள், என் நச்சரிப்பு தாங்காமல்தான் என்று நினைக்கிறேன், ஒரு நோயாளியிடம் பேச அனுமதித்தார்; தானும் உடனிருப்பேன் என்ற நிபந்தனையோடு. நோயாளி ஜன்னலோரம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, ஆய்வு என்ன, எதற்கு, சேராவிட்டால் அவருடைய சிகிச்சையில் எதுவும் மாறாது என்பதையெல்லாம் சொன்னேன். செய்தித்தாளை மடிக்காமலேயே கேட்டுக்கொண்டிருந்தவர், "பேசுவதைப் பதிவு செய்வீர்களா?" என்றார். ஆம், நேர்காணல்கள் ஒலிப்பதிவு செய்யப்படும், யார் யார் கேட்பார்கள், எப்போது அழிப்போம் என்பது இந்தத் தாளில் இருக்கிறது என்றேன். தாளை வாங்கி அந்தப் பத்தியை மட்டும் படித்தார். "என் குரல் வேறு எங்கேயும் போவதை நான் விரும்பவில்லை. வேண்டாம் சிஸ்டர்" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து செய்தித்தாளைப் படிக்கத் தொடங்கினார். நான் நன்றி சொல்லி எழுந்தேன். மொத்தம் 5 நிமிடம் ஆகியிருக்கலாம்.

வெளியே வந்ததும் அந்தச் செவிலியர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இவ்வளவு தெளிவாக இவர் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை" என்றார். மறுநாள் ஒரு பணிநேரத்தார் அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் கைமாற்று நேரத்தில் அவராகவே இரண்டு பெயர்களைச் சொன்னார். ஆள் சேர்ப்பில் எனக்குக் கிடைத்த முதல் உண்மையான வெற்றி, கணக்கில் தோல்வியாகப் பதிவான அந்த மறுப்புதான். தங்கள் நோயாளிகளால் மறுக்க முடியாது என்ற அச்சமே அங்கே பலருக்கும் இருந்தது. மறுப்பைக் கண்ணால் பார்த்த பிறகு, மறுத்தவருக்கு அதனால் ஒரு கேடும் வரவில்லை என்பதையும் பார்த்த பிறகு, அச்சத்தில் பாதி தானாகவே கரைந்தது. ஆகவே இந்தப் பணிக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: தொடக்க வாரங்களில் ஒப்புதல் பெறும் உரையாடலில் வார்டு ஊழியர் ஒருவரையும், நோயாளி இசைந்தால், உடன் இருக்கச் சொல்லுங்கள். நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள் என்பதைவிட, மறுப்பை எப்படி வாங்கிக்கொள்கிறீர்கள் என்பதை அவர்கள் பார்க்க வேண்டும். ஊழியர் அருகில் இருப்பதே நோயாளிக்கு அழுத்தமாகிவிடும் வாய்ப்பும் உண்டு என்பதால், பழகிய பிறகு இதை நிறுத்திவிட வேண்டும்.

நான் கேட்கும் முறையையும் மாற்றிக்கொண்டேன். "பொருத்தமானவர் யாராவது இருக்கிறார்களா?" என்று பொதுவாகக் கேட்டால் "இல்லை" என்பதைத் தவிர வேறு பதில் வராது; நான் பதில் சொன்ன பக்கத்தில் இருந்தபோதும் அப்படித்தான். நெறிமுறைக் குழு அனுமதித்த வரம்புக்குள், சிகிச்சைக் குழுவில் ஒருவரே அன்றைய உள்நோயாளிப் பட்டியலை நிபந்தனைகளோடு ஒப்பிட்டுத் தகுதியுள்ளவர்களைக் குறித்து வைப்பது என்று ஏற்பாடு செய்தோம். அதன்பின் ஒவ்வொருவருக்கும் நான் கேட்டது ஒரே கேள்வி: இவரிடம் இப்போது பேசலாமா, பிறகு பேசலாமா, பேசவே கூடாதா? கடைசி இரண்டில் எதுவானாலும் காரணம் ஒரு வரி. காரணத்தை எழுத வேண்டியிருந்ததாலேயே பல பதில்கள் மாறின. 'கூடாது' என்று எழுதப் போன கை, காரணம் தேடி நின்று, 'பிறகு' என்று எழுதியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்தப் 'பிறகு' என்ற சொல்லை மதிக்கக் கற்றுக்கொண்டது என் தவறு ஒன்றின் விலை. வார்டில் சேர்ந்து 2 நாட்களே ஆன ஒரு பெண்ணிடம் நான் பேசினேன். இளம் செவிலியர் ஒருவர், "இன்னும் சில நாள் போகட்டும் அக்கா, இரவில் தூக்கமே இல்லை" என்றார். எனக்கு அந்த மாத எண்ணிக்கை தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. நோயாளி கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னார், படிவத்தில் கையெழுத்திட்டார். விதிப்படி எல்லாம் சரி. அடுத்த வாரம் முதல் நேர்காணலுக்குச் சென்றபோது, அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. படிவத்தைக் காட்டினேன். தன் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது என்னுடையதுதான். ஆனால் எதற்குப் போட்டேன்?" என்றார். அவரை ஆய்விலிருந்து விலக்கினேன். நடந்ததை ஆய்வுத் தலைவருக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவித்தேன். அந்த இளம் செவிலியரிடம் போய் மன்னிப்பும் கேட்டேன். அதன் பிறகு அந்த வார்டில் 3 மாதம் எனக்கு ஒரு பெயரும் வரவில்லை, வந்திருந்தால்தான் தவறு.

முடிவெடுக்கும் திறன் என்பது நோயின் பெயரோடு ஒட்டிவரும் முத்திரை அன்று. குறிப்பிட்ட முடிவுக்கும் குறிப்பிட்ட நேரத்துக்கும் உரியது. அமெரிக்க மனநல மருத்துவர் பால் ஆப்பெல்பாம், உளவியலாளர் தாமஸ் கிரிஸ்ஸோ இருவரும் அதை நான்காகப் பிரித்துக் காட்டினார்கள்: சொல்லப்பட்டதைப் புரிந்துகொள்வது, அது தன் நிலைக்கு எப்படிப் பொருந்தும் என்று உணர்வது, சாதக பாதகங்களை ஒப்பிட்டு யோசிப்பது, ஒரு தேர்வைத் தெரிவிப்பது. நான் சேர்த்த அந்தப் பெண்ணிடம் நான்காவதை மட்டுமே நான் பார்த்தேன். மறுபுறம், மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் தொடக்கத்தில் இத்தகைய மதிப்பீட்டில் பின்தங்கினாலும், தகவலைப் பொறுமையாகத் திரும்பக் கற்பித்த பின் நோயற்றவர்களோடு ஒப்பிடத்தக்க நிலையை எட்டியதாக 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. "இவர்களுக்குப் புரியாது" என்று ஊழியர்கள் சொல்லும்போது, ஒரே மூச்சில் எட்டுப் பக்கத் தகவல் தாளைப் படித்துக்காட்டினால் யாருக்குத்தான் புரியும் என்று நான் கேட்பதுண்டு. நாங்கள் அதை இரண்டு அமர்வுகளாகப் பிரித்தோம். நடுவில் குறைந்தது ஓர் இரவு. இரண்டாவது அமர்வில் நான் விளக்கமாட்டேன், நோயாளி எனக்கு விளக்க வேண்டும். "குலுக்கலில் எந்தக் குழு வரும் என்று யார் முடிவு செய்வார்கள்?" என்ற கேள்விக்கு "பெரிய டாக்டர்" என்று பதில் வந்தால், மறுபடி முதலிலிருந்து.

குலுக்கல் என்பது ஊழியர்களுக்கும் எளிதில் செரிக்காத விஷயம். ஒரு கூட்டத்தில் இளம் மருத்துவர் ஒருவர், இந்தப் பயிற்சி நல்லது என்று தனக்கு நன்றாகத் தெரியும் என்றும், தன் நோயாளி மற்றக் குழுவில் விழுந்துவிட்டால் அது அவருக்குக் கிடைக்காமல் போகுமே என்றும் வருந்தினார். மேசையின் எதிர்ப்புறத்திலிருந்த உளவியலாளர், வாரம் ஒருமுறை நோயாளியை உட்காரவைத்துக் களைப்படையச் செய்வதைத் தவிர இந்தப் பயிற்சியால் ஒன்றும் நடக்காது, தன் நோயாளி பயிற்சிக் குழுவில் விழுந்துவிடக் கூடாது என்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பேசவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. தனி மருத்துவருக்கு ஒரு பக்கம் சாய்வு இருக்கலாம். ஆனால் துறையில் உள்ளவர்கள் நேர்மையாகவே இரு தரப்பாகப் பிரிந்திருந்தால் குலுக்கல் நியாயமானதே என்று மருத்துவ அறநெறி அறிஞர் பெஞ்சமின் ஃப்ரீட்மன் 1987இல் வாதிட்டது அந்த மேசையைச் சுற்றியே உட்கார்ந்திருந்தது. அந்த ஐயத்தை ஆய்வாளர் தீர்த்துவைக்க முயல்வதைவிட, மாறுபட்ட கருத்துள்ள ஊழியர்களை ஒரே அறையில் பேசவிடுவது மேல்.

மூடிய கதவைவிட எனக்கு அதிகம் தலைவலி தந்தது, ஆர்வக்கோளாறால் அகலத் திறந்த கதவு. ஒரு வார்டில், "இதில் சேர்ந்தால் உங்களைத் தனியாகக் கவனிப்பார்கள்" என்று சொல்லி நோயாளிகளை அனுப்பிக்கொண்டிருந்தார் ஒருவர். நல்லெண்ணம்தான். ஆனால் ஆய்வில் நடப்பதெல்லாம் தன் தனிப்பட்ட நலனுக்காகவே வடிவமைக்கப்பட்டது என்று நோயாளி எண்ணிக்கொள்ளும் மயக்கத்தை ஆப்பெல்பாமும் உடன் பணிபுரிந்தவர்களும் 1982இலேயே சுட்டிக்காட்டினார்கள். இங்கே அந்த மயக்கத்தை விதைத்தவர் நம் ஆளே. அப்படி வந்தவர்களிடம் முதல் அரைமணி நேரம், அவர்கள் நம்பி வந்ததைக் கலைப்பதிலேயே போகும். இதன் இன்னொரு முகம், யாரை அனுப்புகிறார்கள் என்பது. சொன்னபடி கேட்பவர், குடும்பத்தார் தவறாமல் வருபவர், நன்றாகப் பேசுபவர் ஆகியோரே என்னிடம் வந்தார்கள். வார்டையே கதிகலங்க வைப்பவர்களின் பெயர் ஒருபோதும் வராது. கடைசியில் ஆய்வு முடிவு யாருக்குப் பொருந்தும்? சிகிச்சைக்கு ஏற்கெனவே இணங்கிப் போகிறவர்களுக்கு மட்டும். ஹெல்சிங்கி பிரகடனத்தின் 2024 திருத்தம், பாதிப்புக்கு ஆளாகக்கூடியவர்களை ஆய்வில் சேர்ப்பதால் வரும் தீங்கோடு, ஒதுக்குவதால் வரும் தீங்கையும் எடைபோட வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. அந்த வரியை அச்செடுத்து என் கோப்பின் உள்ளட்டையில் ஒட்டிவைத்திருந்தேன், யாரிடமும் காட்டியதில்லை.

இந்த இரண்டு கோளாறுக்கும் ஓரளவு உதவியது, ஊழியர்கள் சொல்லவேண்டிய வாக்கியத்தைச் சுருக்கியதுதான். ஆய்வை விளக்கும் சுமையை அவர்களிடமிருந்து முழுவதும் எடுத்துவிட்டோம். "இங்கே ஓர் ஆய்வு நடக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல ஒருவர் உங்களைச் சந்திக்கலாமா? வேண்டாம் என்றாலும் உங்கள் சிகிச்சை இப்படியேதான் தொடரும்." அவ்வளவே. ஆய்வில் சேரச் சம்மதம் கேட்பது வேறு, ஆய்வாளர் வந்து பேசச் சம்மதம் கேட்பது வேறு. இரண்டாவதைக் கேட்பதில் உறவு முறியாது. இந்த வாக்கியமும் தொனியில் கெட்டுப்போகக் கூடியது. "உங்களுக்கு இந்த ஆய்வெல்லாம் வேண்டாம்தானே?" என்று ஒருவர் கேட்டதை நானே காதால் கேட்டேன். கேட்டவர் தான் கேட்டுவிட்டதாகவே நம்பினார்.

நேரம், இடம் பற்றியவை சிறிய விஷயங்கள், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மருந்து கொடுக்கும் வேளையில் வார்டுக்குள் நுழையாதீர்கள். கைமாற்றுக் கூட்டத்தின் கடைசி 3 நிமிடங்களைக் கேட்டு வாங்குங்கள். 4ஆவது நிமிடம் பேசாதீர்கள். தகுதி நிபந்தனைகள் சட்டைப்பையில் அடங்கும் ஓர் அட்டையில் இருக்க வேண்டும். ஒரு பெயருக்கு இவ்வளவு என்று வார்டுக்கு ஊக்கத்தொகை தரலாம் என்ற யோசனை எங்கள் கூட்டத்திலும் எழுந்தது. நான் எதிர்த்தேன், இப்போதும் எதிர்ப்பேன். தயங்குபவர் தயங்குவது பணம் இல்லாததால் அன்று.

ஊழியர்களிடம் நான் கேட்ட குறைகளில் அடிக்கடி வந்தது, ஆய்வாளர்கள் வருவார்கள், எடுப்பார்கள், போவார்கள் என்பது. யாருடைய பெயரைக் கொடுத்தோமோ அவருக்கு என்ன ஆயிற்று என்றுகூடத் தெரிவதில்லை. அதனால் ஒவ்வொரு பெயருக்கும் அந்த வாரத்துக்குள் திரும்பப் போய்ச் சொல்வதைக் கடமையாக வைத்துக்கொண்டேன். ரகசியம் காக்கவேண்டியதைக் காத்து, நோயாளி அனுமதித்த அளவுக்கு: சேர்ந்தார், மறுத்தார், யோசிக்க நேரம் கேட்டிருக்கிறார். மூத்த செவிலியர் தன் மேசையில் ஒரு நோட்டு வைத்து, நான் சொல்வதைத் தானே எழுதிக்கொள்ளத் தொடங்கினார். 'மறுத்தார்' என்ற பத்திக்கு அவர் சிவப்பு மையைப் பயன்படுத்தவில்லை, மற்றவற்றைப் போலவே நீலத்தில்தான் எழுதினார் என்பதைக் கவனித்தேன்.

ஆய்வு முடிந்து முடிவுகள் வந்ததும், ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு மூன்று வார்டுகளுக்கும் போனேன். பெயர் கொடுத்தவர்களில் பலர் இடம் மாறிப் போயிருந்தார்கள். மூத்த செவிலியர் மட்டும் இருந்தார். இரண்டு முறை படித்தார். பங்கேற்றவர்களுக்கு இதைத் தெரிவிப்பீர்களா என்றார். கேட்டிருந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்புகிறோம் என்றேன். பிறகு அந்த நோட்டைப் புரட்டி, "மறுத்தவர்களுக்கு?" என்று கேட்டார். "ஜன்னலோரத்தில் இருந்தவர் இன்னும் வெளிநோயாளியாக வருகிறார். உங்கள் ஆய்வு என்ன ஆயிற்று என்று என்னிடம் இரண்டு முறை கேட்டுவிட்டார்."

எங்கள் ஆய்வுத் திட்டத்தில் அதற்கு இடமே வைத்திருக்கவில்லை. நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.